புதிய கைநாட்டு ஒழிய வேண்டும்!

பாட்டன் காலத்துக் கதை ஒன்று பாட்டாளி வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அவசரச் செலவுக்கு ஐம்பது ரூபாய் கேட்டு வட்டிக்கடைப் படியேறுவான் உழைப்பாளி. கடைக்காரர் ஒரு தாளை நீட்டுவார். அதில் எழுதியிருப்பது இன்னதென்று அவனுக்குத் தெரியாது; சில வேளைகளில் அதில் எதுவுமே எழுதியிருக்காது. மை தடவிய பெருவிரலைப் பிடித்துத் தாளில் அழுத்திக்கொள்வார்கள். சில மாதம் சென்றபின் அந்த ஐம்பது ஐந்நூறாகி வழக்கு மன்றத்திலே வந்து நிற்கும். “இது உன் கைநாட்டுத்தானே?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். “ஆமாம் சாமி” என்பான். அந்த ஒரு சொல்லிலே காணி போகும், மாடு போகும், மனைவியின் காதிலிருந்த தோடும் போகும்.

அந்தக் கொடுமையை ஒழித்தது எது? வட்டிக்கடைக்காரரின் மனமாற்றமா? இல்லை. போலீசின் தடியா? இல்லை. ஊர்தோறும் எழுந்த பள்ளிக்கூடம் ஒழித்தது! படிக்கத் தெரிந்த மகன் பக்கத்திலே வந்து நின்று, “அப்பா, கொஞ்சம் பொறுங்கள், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்” என்றானே, அந்த நாளில்தான் வெற்றுத் தாளின் ஆட்சி ஆட்டங் கண்டது.

கைநாட்டு ஒழிந்தது என்று மகிழ்ந்திருந்தோம். ஒழியவில்லை, தோழர்களே! உருமாறி வந்திருக்கிறது. இன்று அதற்கு மை வேண்டாம்; தாள் வேண்டாம்; வட்டிக்கடைக்கு நாம் நடந்துபோகவும் வேண்டாம். நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் திரையிலே ஆறு இலக்கமாக வந்து நிற்கிறது. ஓ.டி.பி. என்று அதற்குப் பெயர்.

சம்பள நாள் மாலை. ஷிப்டு முடிந்து வந்து திண்ணையில் சாய்கிறார் தொழிலாளி. மணி அடிக்கிறது. “வங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கள் ஏ.டி.எம். அட்டை இன்று இரவோடு முடங்கப் போகிறது. இப்போது ஒரு எண் வந்திருக்கும். அதைச் சொல்லுங்கள்” என்கிறது ஒரு மரியாதையான குரல். அவருக்குக் கண் மங்கல், எழுத்தும் ஆங்கிலம். “பாப்பா, இதைப் பார்த்துச் சொல்லம்மா” என்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஓடி வந்து ஆறு இலக்கத்தையும் தெளிவாகப் படிக்கிறாள். அதே செய்தியில் “இந்த எண்ணை எவரிடமும் கூறாதீர்” என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில்! அவசரத்தில் அந்தப் பிள்ளை எண்ணைப் படித்தாளே தவிர எச்சரிக்கையைப் படிக்கவில்லை. அடுத்த நிமிடம் மாதச் சம்பளம் மாயமாகிறது.

இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. உங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள். இதை ஒத்த ஒன்று கட்டாயம் கிடைக்கும். இணையவழிக் குற்றங்களால் இந்திய மக்கள் இழந்த தொகை 2023இல் சுமார் 7,465 கோடி ரூபாய் என்றும், 2024இல் அது சுமார் 22,845 கோடி ரூபாய் என்றும் 2025இல் நாடாளுமன்றத்திலே உள்துறை அமைச்சகம் கணக்குக் காட்டியது. ஓராண்டில் மூன்று மடங்கு! இதில் கோடீசுவரன் இழந்த கோடியும் உண்டு. கூலிக்காரன் இழந்த எட்டாயிரமும் உண்டு. கோடீசுவரனுக்கு இன்னொரு கணக்கு இருக்கும். கூலிக்காரனுக்கு அந்த எட்டாயிரந்தான் அரிசி, வாடகை, பிள்ளையின் நோட்டுப் புத்தகம்.

பணம் போன பிறகு நடப்பது அதைவிட வேதனை. வங்கிக்கு ஓடுகிறான். “எண்ணைச் சொன்னது நீதானே?” என்று கேட்கிறார்கள். பழைய வழக்கு மன்றக் கேள்வி அப்படியே திரும்பி வருகிறது பாருங்கள்! 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதியும், வாடிக்கையாளர் தாமே ரகசிய எண்ணைப் பிறருக்குச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தகவல் கொடுக்கும் வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவர் தலையில்தான் என்று கூறிற்று. எச்சரித்தோம், நீ கேட்கவில்லை என்பது அவர்கள் வாதம். எச்சரித்தது எந்த மொழியில்? கற்றுக் கொடுத்தது எந்தப் பள்ளியில்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை சொல்வார் இல்லை.

வீட்டுக் கணக்குப்பிள்ளை யார்?

உழைப்பாளி வீட்டில் இன்று செல்போனை இயக்குவது யார் என்று எண்ணிப் பாருங்கள். சமையல் வாயுவுக்குப் பதிவு செய்வது, மின்கட்டணம் கட்டுவது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, கல்வி உதவித் தொகைக்கு மனுப் போடுவது, வருங்கால வைப்பு நிதியின் இருப்பைப் பார்ப்பது ஆகிய அத்தனையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கையில்தான் இருக்கின்றன. பன்னிரண்டு வயதிலும் பதினான்கு வயதிலும் அந்தப் பிள்ளைகள் குடும்பத்தின் கணக்குப்பிள்ளைகளாகிவிட்டார்கள். பெட்டிச்சாவி அவர்கள் இடுப்பில் தொங்குகிறது. ஆனால் எந்தப் பெட்டியை யாருக்குத் திறக்கலாம், யாருக்குத் திறக்கலாகாது என்று அவர்களுக்குச் சொல்லித் தந்தவர் எவர்?

செல்போன் கடைக்காரர் சொல்லித் தரவில்லை. அவருக்கு விற்பனை முக்கியம். வங்கி சொல்லித் தரவில்லை. குறுஞ்செய்தி அனுப்பியதோடு அதன் கடமை தீர்ந்தது. தாய் தந்தையரால் சொல்லித் தர இயலாது. அவர்களே பிள்ளையைக் கேட்டுத்தான் தொடுகிறார்கள். எஞ்சி நிற்பது ஒன்றே ஒன்று: பள்ளிக்கூடம். கணினி காவலும் கணினி அறிவும் பள்ளியில் பாடமாக வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். பணக்கார வீட்டுப் பிள்ளை பொறியாளராக ஏறும் ஏணி பற்றியது அல்ல நம் கவலை. ஏழை வீட்டுக் கூலி வீடு வந்து சேரவேண்டுமே என்பதுதான் கவலை.

கருவி வந்தது, காவல் வந்ததா?

தமிழகத்தில் 2011 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகள் இலவசமாக வழங்கப்பட்டன. லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் முதன்முதலாக ஒரு கணினியைத் தமது என்று சொல்லித் தொட்டார்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் எழுந்தன. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இவை அனைத்தையும் மனமார வரவேற்கிறோம். எந்த ஆட்சி தந்தது என்று பார்த்து வரவேற்பவர்கள் அல்ல நாம். ஏழை வீட்டிற்கு ஒரு பொருள் வந்து சேர்ந்தால் அது நமக்கும் மகிழ்ச்சியே.

ஆனால் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் தகப்பன் பின்னால் ஓடி வந்து பிடித்துக்கொள்கிறான். பிரேக் எது என்று காட்டுகிறான். லாரி வரும் சாலையில் ஓரமாகப் போ என்கிறான். கணினியைக் கொடுத்த அரசு பின்னால் ஓடி வந்ததா? பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் கணினி அறிவியல் ஒரு விருப்பப் பிரிவு. அதை எடுத்த பிள்ளை கற்கும். வரலாறும் வணிகமும் எடுத்த பிள்ளை என்ன செய்யும்? பத்தாம் வகுப்போடு நின்று பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளை என்ன செய்யும்? செல்போனும் வங்கிக் கணக்கும் அத்தனை பேருக்கும் உண்டே! ஆபத்து எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது அறிவு மட்டும் ஒரு பிரிவுக்கு என்பது எந்த நியாயம்?

அண்டை மாநிலத்தைப் பாருங்கள்

முடியாத காரியம் என்று கைவிரிப்போர் வாளையாறு தாண்டி எட்டிப் பார்க்கட்டும். கேரளம் 2001இலேயே பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பக் கல்விக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2017இல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. அங்கே பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்விலேயே தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடம். செய்முறைத் தேர்வும் உண்டு. எந்தப் பிரிவு எடுக்கப் போகும் பிள்ளையானாலும், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளையானாலும், அந்தப் பாடத்தைக் கடந்துதான் பள்ளி வாயிலைத் தாண்டவேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பள்ளிக் கணினிகளில் ஓடுவது லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. யார் வேண்டுமானாலும் திறந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று ஆராயலாம். தம் மொழிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். கம்பெனிக்குக் கட்டும் பணம் பள்ளிக்கு மிஞ்சுகிறது என்பது ஒரு நன்மை. உள்ளே பார்க்க முடியாத பெட்டியை நம்புவதைவிடத் திறந்து பார்க்கக்கூடிய பெட்டியை நம்புவது மேல் என்ற பாடத்தைப் பிள்ளை இளமையிலேயே கற்கிறது என்பது அதைவிடப் பெரிய நன்மை.

2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற பெயரில் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் மன்றங்களை அமைத்தார்கள். சாரணர் படை போல இது கணினிப் படை. அந்தப் பிள்ளைகளை வைத்து 2022 மே மாதத்தில் அவர்கள் தொடங்கிய காரியத்தைத்தான் நம் தோழர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டுகிறோம். மூன்று லட்சம் தாய்மாரைப் பள்ளிக்கு அழைத்து இணையப் பாதுகாப்பைக் கற்பிப்பது என்று இலக்கு வைத்தார்கள். வகுப்பு எடுத்தவர்கள் யார்? ஆசிரியர்களோடு சேர்ந்து மாணவர்களே எடுத்தார்கள்! பெற்ற பிள்ளை கரும்பலகை அருகே நிற்க, பெற்றவள் பெஞ்சிலே உட்கார்ந்து, கடவுச்சொல்லை எப்படி வைப்பது, பொய்ச் செய்தியை எப்படி இனங்காண்பது, பணம் பறிக்கும் வலையை எப்படி அறிவது என்று கேட்டுக்கொண்டாள். எந்த வீட்டில் பிள்ளை கணக்குப்பிள்ளையாக இருக்கிறதோ, அந்த வீட்டில் பிள்ளையே வாத்தியாராகவும் ஆவதுதான் பொருத்தம் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

அதற்கும் முன்பே, 2018இல், கண்ணூர் மாவட்டத்தில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகள் நடந்தன. மாவட்ட ஆட்சியராயிருந்த மீர் முகம்மது அலி முன்னின்று நடத்தினார். தடுப்பூசி போட்டால் ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் பரவிய புரளியால் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்த அனுபவமே அதற்குத் தூண்டுகோல். பணத்தைத் திருடும் பொய்யும் உயிரைத் திருடும் பொய்யும் ஒரே செல்போன் வழியாகத்தான் வருகின்றன; ஒரே பாடம் இரண்டுக்கும் மருந்தாகிறது.

பாடம் எதுவாக இருக்க வேண்டும்?

கணினிப் பாடம் என்றதும் அதன் உறுப்புகளின் பெயரை மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் போடுவதோடு நின்றுவிடலாகாது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு வேண்டிய பாடம் எளிது. தமிழில் சொன்னால் எவருக்கும் விளங்கும்.

முதற் பாடம்: பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. யு.பி.ஐ. முறையில் ரகசிய எண்ணை அழுத்துவது பணம் கொடுப்பதற்கு மட்டுமே. “உங்களுக்கு ஐயாயிரம் பரிசு; இந்தக் க்யூ.ஆர். கட்டத்தைப் படம் பிடித்து எண்ணை அழுத்துங்கள்” என்று எவனாவது சொன்னால், அவன் கொடுக்க வரவில்லை, எடுக்க வருகிறான். இந்த ஒரு வரி தெரிந்தால் ஆயிரம் வீடு தப்பும்.

இரண்டாம் பாடம்: ஓ.டி.பி. என்பது உன் பெருவிரல் ரேகை. வங்கி அதிகாரி என்றாலும், போலீசு என்றாலும், அமைச்சரே என்றாலும் அதைச் சொல்லாதே. இணைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கு நீயே பேசு. அவர்கள் அழைத்ததை நம்பாதே. நீ அழைத்ததை நம்பு.

மூன்றாம் பாடம்: கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தொடாதே. அதைத் தொட்டு உள்ளே விட்டால் அது செயலியாக உட்கார்ந்துகொண்டு, வரும் குறுஞ்செய்திகளைத் திருடனுக்கு அனுப்பும். பிறகு நீ எண்ணைச் சொல்லவும் வேண்டாம்; அவனே படித்துக்கொள்வான். எளிதில் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகளில் பலவும் இந்த இனமே. செல்போனில் உள்ள பெயர்ப்பட்டியலையும் படங்களையும் கேட்டு வாங்கி, பிறகு உறவினர் அத்தனை பேருக்கும் அவதூறு அனுப்பிக் கழுத்தை நெரிக்கும்.

நான்காம் பாடம்: ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இந்நாட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை. காக்கி உடையில் திரையில் தோன்றி, “உன் பெயரில் போதைப் பொருள் பார்சல் வந்திருக்கிறது, கேமராவை விட்டு நகராதே, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்று” என்பவன் போலீசு அல்ல. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதுபற்றி எச்சரிக்க நேர்ந்தது. ஓய்வூதியப் பணத்தை வாழ்நாள் சேமிப்பாக வைத்திருக்கும் முதியவர்கள்தாம் இந்த வலையில் அதிகம் சிக்குகிறார்கள். அச்சமும் அவசரமும் சேர்ந்து வந்தால் அது மோசடி என்று பேரப்பிள்ளை தாத்தாவுக்குச் சொல்லித் தர வேண்டும்.

ஐந்தாம் பாடம் நம் இளைஞர்களுக்கு. “உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்” என்று வருபவன் உன்னைச் சிறைக்கு அனுப்ப வருகிறான். திருடிய பணம் இத்தகைய வாடகைக் கணக்குகள் வழியாகத்தான் கைமாறுகிறது. பெரிய திருடன் கடல் கடந்து இருப்பான். கணக்கைக் கொடுத்த ஏழை மாணவன் வீட்டுக் கதவைத்தான் போலீசு தட்டும். அதுபோலவே, கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்று ஏஜெண்டுகள் சொன்னதை நம்பி மியன்மாருக்கும் கம்போடியாவுக்கும் போன தமிழ் இளைஞர்கள், அங்கே மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டு, மற்றவர்களை ஏமாற்றும்படி அடித்துத் துன்புறுத்தப்பட்ட செய்தியை 2022 முதல் பார்த்து வருகிறோம். சிலர் மீட்கப்பட்டு ஊர் திரும்பினர். மோசடிக்கு இரையாவதும் ஏழை. மோசடிக்குக் கருவியாக்கப்படுவதும் ஏழை!

ஆறாம் பாடம்: ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதே. உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசு. ஏன் உடனே? திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். கடைசிக் கணக்கிலிருந்து ரொக்கமாக எடுப்பதற்குள் தகவல் கிடைத்தால் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க முடியும். ஒரு நாள் யோசித்துவிட்டுப் போனால் யோசனை மட்டுமே மிஞ்சும். பெண் பிள்ளையின் படத்தைத் திரித்து எவனாவது மிரட்டினாலும் இதே நெறிதான். வீட்டில் சொல், ஆசிரியரிடம் சொல், குழந்தைகளுக்கான 1098 எண்ணில் சொல். பிள்ளை வந்து சொல்லும்போது, “செல்போனை ஏன் தொட்டாய்?” என்று கன்னத்தில் அறையும் தகப்பன், மிரட்டுபவனுக்குத் துணை போகிறான் என்பதை உணரவேண்டும்.

பள்ளியே திறந்த வீடானால்?

பிள்ளைக்குப் பூட்டச் சொல்லித் தரும் பள்ளி, முதலில் தன் கதவைப் பூட்ட வேண்டும். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், சாதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு, தந்தையின் செல்போன் எண் அத்தனையும் இன்று பள்ளியின் கணினியில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் வாட்ஸ்அப் குழுவிலே உலவினால், கடவுச்சொல் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டுக் கணினியின் நெற்றியிலேயே ஒட்டப்பட்டிருந்தால், பாடம் யாருக்கு?

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மத்திய அரசின் கல்விச் செயலியான ‘தீக்ஷா’வின் கோப்புகள் காவலற்ற ஒரு சேமிப்பகத்தில் திறந்து கிடந்தன என்பது 2023 ஜனவரியில் வெளியாயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும், சுமார் 6 லட்சம் மாணவர்களைப் பற்றிய விவரங்களும் அதில் இருந்தன. பணக்கார நாடும் தப்பவில்லை. அமெரிக்காவில் பள்ளிகளுக்கு மென்பொருள் விற்கும் ‘பவர்ஸ்கூல்’ என்ற கம்பெனியின் கிடங்கு 2024 டிசம்பரில் சூறையாடப்பட்டது. ஆறு கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்கள் களவு போயின. சூறையாடியது பெரும்படையா? பத்தொன்பது வயது மாணவன் ஒருவன்! திருட்டுப்போன ஒரு கடவுச்சொல்லே அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கம்பெனி கப்பம் கட்டியது. அதன் பிறகும், 2025 மே மாதத்தில், பள்ளிகளுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. திருடனுக்குக் கொடுத்த கப்பம் திருட்டை நிறுத்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். நல்லதே. ஆனால் சம்மதம் கேட்கும் தாள் ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் நீண்டு, அடியில் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தால், அதற்கும் அந்த வட்டிக்கடைத் தாளுக்கும் என்ன வேறுபாடு? பெற்றோருக்குப் படித்துக் காட்டாத சம்மதம் சம்மதமாகாது.

மறுப்போர்க்கு விடை

“பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுப்பதே தவறு, பிடுங்கிவிட்டால் தீர்ந்தது” என்று கூறுவோர் உண்டு. ஆஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் முதல் தடை விதித்திருக்கிறார்களே என்று எடுத்துக்காட்டுவார்கள். வயது வரம்பு வேண்டாம் என்று நாம் வாதாடவில்லை. ஆனால் குளத்திற்கு வேலி போட்டுவிட்டோம் என்பதற்காக நீச்சல் கற்றுக்கொடுக்காமல் இருப்போமா? அதிலும், நம் வீட்டுப் பிள்ளை செல்போனை எடுப்பது விளையாட்டுக்கு மட்டும் அன்று. அப்பனுக்கு எழுத்தைப் படித்துக் காட்டவும்தானே! பதினாறு வரை தொடாதே என்று சொல்லிவிட்டால், பதினேழாம் வயதில் ஒன்றும் அறியாமல் வலையில் போய் விழும்.

“ஆசிரியருக்கு நேரம் ஏது?” என்று கேட்போரும் உண்டு. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கற்பிக்க வந்த ஆசிரியரைப் பதிவேற்றும் குமாஸ்தாவாக்கி வைத்திருக்கும் நிலையை நாமும் கண்டிக்கிறோம். அதற்கு மருந்து, பாடத்தைக் கைவிடுவது அல்ல, ஆளை நியமிப்பது. கணினி அறிவியலில் பட்டமும் பி.எட்.டும் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் தமிழகத்தில் நிறைய இருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆசிரியர் இல்லாத வகுப்பு; மறுபக்கம் வகுப்பு இல்லாத ஆசிரியர்! இரண்டையும் சேர்த்து வைக்க ஓர் ஆணை போதாதா?

“ஏமாறுபவன் இருக்கும்வரை ஏமாற்றுபவன் இருப்பான்” என்று ஞானம் பேசுவோரிடம் நாம் கேட்பது ஒன்றுதான். பணப் பரிமாற்றத்தைச் செல்போனுக்கு மாற்றிக்கொள் என்று ஊர் ஊராக விளம்பரம் செய்தது யார்? கூலியை வங்கியில்தான் போடுவோம் என்று வற்புறுத்தியது யார்? ஆற்றில் இறக்கிவிட்டவர்களுக்குக் கரை சேர்க்கும் கடமையும் உண்டு. பழியை ஏமாந்தவன் தலையில் கட்டிவிட்டு அவர்கள் ஒதுங்க முடியாது.

நாம் கேட்பது இதுதான்

ஆறாம் வகுப்பு முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரம் ஒரு பாடவேளை இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். பாடநூல் தமிழில், வீட்டு மொழியில் இருக்க வேண்டும். அதற்குத் தகுதி பெற்ற ஆசிரியர்கள் நிரந்தர வேலையில் அமர்த்தப்பட வேண்டும். கேரளத்தைப் போலப் பெற்றோருக்கும், குறிப்பாகத் தாய்மாருக்கும், பள்ளியிலேயே பிள்ளைகளைக் கொண்டு வகுப்பு நடத்த வேண்டும். ஷிப்டு வேலைக்காரர்களுக்கு ஏற்றபடி ஞாயிற்றுக்கிழமையில் நடத்தினால் நலம். பள்ளியில் உள்ள பிள்ளைகளின் விவரத்துக்குப் பொறுப்பாளர் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். வங்கிகள் அனுப்பும் எச்சரிக்கை தமிழ் மக்களுக்குத் தமிழில் வரவேண்டும். எண் கடைசியிலும் எச்சரிக்கை முதலிலும் இருக்கவேண்டும். இவற்றில் எது நிலவைப் பிடித்துத் தரும் காரியம்? எதுவும் இல்லை.

ஆட்சியாளர் செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நம் படிப்பகங்களில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார். சுற்றி இருபது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். எழுத்தறியாதவனும் உலகம் அறிந்தான். இரவுப் பள்ளி நடத்திக் கையெழுத்துப் போடக் கற்பித்த பெருமை தொழிற்சங்கங்களுக்கு உண்டு. அந்தப் படிப்பகக் கதவுகள் மீண்டும் திறக்கட்டும். கிளைதோறும், சங்க அலுவலகந்தோறும், ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் போதும். கணினி படித்த இளந்தோழர் ஒருவர் முன்வந்து, மேலே சொன்ன ஆறு பாடத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கட்டும். 1930 என்ற எண் கொடிக்கம்பத்தின் அருகே உள்ள அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதப்படட்டும். ஏமாந்த தோழர் ஒருவர் எழுந்து தம் அனுபவத்தைச் சொன்னால் எவரும் சிரிக்கலாகாது. அவர் சொல்லும் ஒரு கதை, கேட்கும் ஐம்பது பேரின் சம்பளத்தைக் காக்கும்.

அன்று வெற்றுத் தாளுக்கு முன்னே வந்து நின்ற மகன் வட்டிக்கடைக்காரரோடு சண்டை போடவில்லை. “பொறுங்கள், படித்துப் பார்க்கிறேன்” என்று மட்டுமே சொன்னான். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. நாளை சம்பள நாள் மாலையில் மணி அடிக்கும்போது, எட்டாம் வகுப்பு மகள் திரையைப் பார்த்துவிட்டு, “அப்பா, இதை யாரிடமும் சொல்லக்கூடாது, எங்கள் டீச்சர் சொல்லியிருக்கிறார்கள். போனை வையுங்கள்” என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை அவள் வாயில் வைக்கும் கடமை அரசுக்கு உண்டு. வைக்கச் செய்யும் கடமை நமக்கு உண்டு.

பழைய கைநாட்டைப் பள்ளிக்கூடம் ஒழித்தது. புதிய கைநாட்டையும் அதுவே ஒழிக்கட்டும்!